சிப்புட் தீவின் மறுபக்கம்

பாகான் மெராக் கோயிலுக்குக் கல் வந்து இறங்கிவிட்டது. ஆள் உயரக் கருங்கல். கோயிலின் நூற்றைம்பது வருடச் சரித்திரத்தை அதில் வெட்டி, கடல்தாய் மா சோவின் பிறந்தநாளன்று வாசலில் நிறுத்தப் போகிறார்கள். வெட்ட வேண்டிய வாசகத்தைக் கோயில் தலைவர் லிம் பெங் ஹுவாட் கூட்டத்தில் உரக்கப் படித்தார். சீன மொழியில்தான் படித்தார். ஆனால் கதவோரம் நின்றிருந்த லோகேஸ்வரி அந்த மலேசிய மீனவ ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஒரு சொல் தப்பாமல் புரிந்தது.

ஏழு மீனவர்கள் சீனத்துக் கரையிலிருந்து ஒரே படகில் வந்தார்கள். ஒரு சாண் உயரச் சந்தனக்கட்டைச் சிலையும், தாய்க்கோயில் ஊதுவத்திச் சாம்பல் ஒரு பையும் கொண்டுவந்தார்கள். கடலுக்குள் மரத்தூண் நட்டு, கடலைப் பார்த்துக் கோயில் எழுப்பினார்கள். இதுவரைக்கும் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. கடைசி வரிதான் விஷம். ‘கோயில் தீப்பிடித்த ஆண்டில், படகோட்டி மருதப்பன் மூலச் சிலையைத் திருடிக்கொண்டு ஓடினான்.’

“அந்த வரிய எடுங்க” என்றாள் லோகேஸ்வரி.

நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. ஒரு கண்ணிலும் ஈரமில்லை. மருதப்பன் அவளுடைய அப்பா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு திருவிழா மத்தியானம் பட்டாசுப் பொறி விழுந்து கோயில் எரிந்தது. அவர் உள்ளே ஓடிச் சிலையை அள்ளிக்கொண்டு படகில் குதித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. அன்று முதல் அவள் பெயர் ‘திருடன் மகள்’. அவள் அம்மா அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டே செத்துப்போனாள்.

“ஏன் எடுக்கணும்?” என்றார் பெங் ஹுவாட். முப்பது வருடம் தோட்டம் தோட்டமாகப் போய் மீன் விற்றவர். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. தமிழர்களுக்கு அவர் ‘தவுக்கே’, அதாவது முதலாளி. வசவுகளைத்தான் முதலில் கற்றுக்கொண்டார் என்பது பேச்சிலேயே தெரியும். “ஒங்கப்பன் தாய்லாந்துல வித்துட்டு அங்கயே ஒருத்திய வச்சிக்கிட்டு இருப்பான் லா. ஊருக்கே தெரியும்.”

“பாத்தீங்களா?”

“நீ பாத்தியா, அவன் திருடலன்னு?”

லோகேஸ்வரி கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள். “நான் போயி தேடுறேன். கெடைக்கலன்னா நீங்க என்ன வேணா வெட்டிக்கங்க. நானே உளி எடுத்துத் தர்றேன்.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெங் ஹுவாட் மட்டும் சிரிக்கவில்லை. பிறைச்சந்திரன் மாதிரி செதுக்கிய இரண்டு மரத்துண்டுகளை எடுத்து, பலிபீடத்தின் முன் மண்டியிட்டார். அந்த ஊரில் எந்த முக்கியமான காரியமானாலும் அந்தக் கட்டைகளைப் போட்டுத் தாயிடம் கேட்பார்கள். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சம்மதம். அப்படி மூன்று முறை விழுந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது. இவள் வாயை அடைக்க அதுதான் சுலபமான வழி என்று அவர் நினைத்தார்.

“இந்தத் திருடன் மக போகட்டுமா?”

சம்மதம். மறுபடி போட்டார். சம்மதம். மூன்றாவது முறை கட்டைகளை எறிந்தார் என்பதைவிட அடித்தார் என்று சொல்லலாம். அப்போதும் சம்மதம்தான்.

பலிபீடத்தின் இரண்டு பக்கமும் தாயின் காவலர்கள் நிற்கிறார்கள். ஆயிரம் காதத்துக்கு அப்பால் இருப்பதைப் பார்க்கிற பச்சை முகத்தான் ஒருவன். காற்றில் வருவதையெல்லாம் கேட்கிற சிவப்பு முகத்தான் இன்னொருவன். ஒரு காலத்தில் தாயோடு சண்டை போட்டுத் தோற்று, அவளுக்கே வேலைக்காரர்களான பூதங்கள். இருவரும் கண்ணையும் காதையும் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் என்ன செய்தார்கள் என்று லோகேஸ்வரிக்கு அவர்கள்மேலும் கோபம் வந்தது.

“நானும் வருவேன்” என்றார் பெங் ஹுவாட். “இவ எங்கயாச்சும் கடையில ஒரு பொம்மைய வாங்கிட்டு வந்து நீட்டுவா.”

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். படகு காசிமுடையது. பக்கத்துக் கிராமத்துத் தமிழ் முஸ்லிம், ஐம்பது வயது. அவரைத் தவிர வேறு யாரும் படகு தர முன்வரவில்லை. சிப்புட் தீவு ஒன்றரை மணி நேரத் தூரம். மருதப்பனின் படகுப் பலகைகள் அன்று அகப்பட்டது அந்தத் தீவின் பாறைகளில்தான். அங்கிருந்து வேறு படகில் ஏறித் தப்பிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. லோகேஸ்வரி ஒரு பை, கயிறு, தண்ணீர், அத்தோடு தன் சேற்றுப் பலகையையும் கொண்டுவந்திருந்தாள். சிப்பி அள்ளுவதுதான் அவள் பிழைப்பு. ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மற்றக் காலால் உந்தி, ஆளை விழுங்குகிற சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டே போவாள்.

“அது எதுக்கு? பாறையில வழுக்கி வெளாடவா?” என்றார் பெங் ஹுவாட்.

“நீங்க விழுந்தா தூக்கிட்டு வர.”

காசிம் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.  கடல் அன்று நல்ல முகம் காட்டவில்லை. அலை பக்கவாட்டில் அறைந்து மூன்று பேரையும் நனைத்தது. ஒரு பெரிய அலை படகைத் தூக்கிப் போட்டபோது, பெங் ஹுவாட் முணுமுணுவென்று தாயை அழைத்தார்.

“தவுக்கே, மா சோங்கறீங்க, சில பேரு தியான் ஹோங்கறாங்க. ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்டார் காசிம், பேச்சை எதிலாவது திருப்ப வேண்டுமே என்று.

பெங் ஹுவாட்டுக்குக் கோயில் கதை என்றால் கோபம் கொஞ்சம் ஆறும். “தியான் ஹோன்னா வானத்து மகாராணி. ராஜாங்கம் குடுத்த பட்டம். ஆபத்துல அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடக்கூடாது. மகாராணின்னா கிரீடம் வைக்கணும், பட்டு கட்டணும், பல்லக்கு வரணும். அதுக்குள்ள நீ செத்துருவ. மா சோன்னு வீட்டுப் பேரச் சொல்லு, கட்டின துணியோட ஓடி வருவா. எங்க ஆளு அவ. லின் வீட்டுப் பொண்ணு. லிம்முன்னாலும் லின்னுன்னாலும் ஒரே வம்சம்தான். எங்களுக்கு அவ அத்தைப் பாட்டி.”

“பொண்ணா இருந்து சாமியானவளா?”

“மீன்பிடிக் குடும்பம். ஒருநாள் தறியில ஒக்காந்தவ அப்படியே கண்ணு மூடிட்டா. கனவுல கடலுக்குப் போயி, புயல்ல மாட்டுன அண்ணன்மாரப் புடிச்சி இழுத்தா. அம்மாக்காரி பயந்துபோயி உலுக்கி எழுப்பிட்டா. அந்த நேரத்துல கை நழுவி அப்பா மட்டும் போயிட்டாரு. அப்பறம் அவளே படகெடுத்துப் போயி, அப்பாவத் தேடிக் கண்டுபுடிச்சித் தூக்கிட்டு வந்தா.”

லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். “அப்பாவத் தேடிப் போன பொண்ணக் கும்புடுறீங்க. அதே வேலையா நான் போனா மட்டும் திருடன் மகளா?”

பெங் ஹுவாட் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். 

தீவின் மேற்குப் பக்கம் திறந்த கடல். கத்தி கத்தியாகப் பாறை. அதன் மேலே ஒன்பது குகைகள். பெங் ஹுவாட் முன்னால் ஏறினார். சிப்பி ஒட்டிய பாறை லோகேஸ்வரியின் உள்ளங்கையை இரண்டு இடத்தில் கிழித்தது. அவர் திரும்பிப் பார்த்தார், கை கொடுக்கவில்லை. நாலாவது குகையில் வௌவால் கூட்டம் முகத்தில் வந்து மோதியது. ஆறாவதில் விரியன் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. அவள் கால் வைக்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான். ஒன்பது குகையையும் பார்த்து முடித்தபோது மணி பதினொன்று. எல்லாக் குகையிலும் பழைய ஊதுவத்திக் குச்சிகள் கிடந்தன. ஊர்க்காரர்கள் ஒருகாலத்தில் சல்லடை போட்டுச் சலித்த இடங்கள்.

“போதுமா?” என்றார் அவர். “கல்லு வெட்டலாமா?”

லோகேஸ்வரி பாறையில் உட்கார்ந்து கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். “எல்லாத்தையும் இந்தப் பக்கமே தேடியிருக்கீங்க. அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கம் எதுக்கு? அங்க வெறும் சேறும் காடும். கடல் இந்தப் பக்கம். மா சோ கடலப் பாக்காம ஒக்கார மாட்டா. கோயிலு கட்டினாலும் சரி, ஒரு நா படகுல வச்சாலும் சரி, மொகம் கடலுக்கு. கடலுக்கு முதுகு காட்டி யாராச்சும் வப்பானா? கொழந்தைக்கும் தெரியும் லா.”

“ஒங்க கொழந்தைக்குத் தெரியும். எங்கப்பாவுக்குத் தெரியுமா?”

அவள் கையிலிருந்த துணியை முடிச்சுப் போட்டாள்.

“எங்கப்பா ஒரு காலண்டர் படம் மாட்டினாக்கூட கெழக்கப் பாத்துதான் மாட்டுவாரு. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதான். சாமின்னா சூரியன் வர்ற பக்கம் மொகம் இருக்கணும். கையில ஒங்க சாமி இருந்தா, அவரு பாட்டுக்குக் கெழக்கப் பாத்து ஒரு எடம்தான் தேடியிருப்பாரு.”

கீழே படகிலிருந்து காசிம் குரல் கொடுத்தார். “தங்கச்சி சொல்றதுல ஞாயம் இருக்கு தவுக்கே. தீப்புடிச்ச அன்னைக்குக் கரைக்காத்து. படகு கரையிலேர்ந்து நேரா வந்து கெழக்குப் பக்கந்தான் முட்டியிருக்கும். ஒடைஞ்ச பலகைய நீரோட்டம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கும். எங்கத்தா அப்பவே சொன்னாரு. கேக்கத்தான் ஆளில்ல.”

பெங் ஹுவாட் இறங்கிப் படகில் உட்கார்ந்தார்.

கிழக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. கரையிலிருந்து முன்னூறு அடிக்குப் பளபளவென்று சாம்பல் சேறு. அதற்குப் பின்னால் வேர் பின்னிய கண்டல் காடு. காட்டுக்கு மேலே ஒரு வெள்ளைப் பாறைமுகடு. படகு தரை தட்டிவிடும் என்பதால் காசிம் தொலைவிலேயே நங்கூரம் போட்டார்.

“ரெண்டு மணிக்குத் தண்ணி ஏறும். ஏறினா இந்தக் கடல்ல நங்கூரம் நிக்காது. வேர்ல மோதி என் படகும் போயிரும். ரெண்டரைக்கு நான் கெளம்பிருவேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“சரி, காசிம் நானா” என்றாள் லோகேஸ்வரி. பலகையை இறக்கி முழங்காலை ஊன்றினாள். “தவுக்கே, கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு என் பின்னாலயே வாங்க. நிக்காதீங்க. நின்னா எறங்கிருவீங்க.”

கோயில் தலைவர் ஒருவர், தான் திருடன் மகள் என்று கூப்பிடுகிறவளின் பின்னால் கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி சேற்றில் தவழ்ந்து போவதைக் காண நாலு பேர் இல்லாமல் போனார்களே! கொசு முகத்தை மூடியது. சேறு ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்து இழுத்தது. காட்டுக்குள் வேர்களில் ஏறி இறங்கி, அவர் இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் அவள் கயிற்றை இழுத்துத் தூக்கினாள். நன்றி என்ற வார்த்தை வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

பாறைமுகட்டின் அடியில், வேர்களுக்குப் பின்னால், குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. உள்ளே போனால் ஓர் அறை. மேலே ஒரு விரிசல் வழியாக வெளிச்சம் விழுந்தது. பாறையிலிருந்து சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் வடிந்தது.

எதிரே, ஆள் உயரத்துக்கு மேலிருந்த பாறைத்திட்டில், மா சோ உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சாண் உயரம். முகம் புகையேறிக் கறுத்திருந்தது. உடம்பைச் சுற்றி ஒரு நைந்த சட்டைத்துணி, மழைத்தண்ணீர் படாமல் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. முகம் பிளவு வழியாக நேர் கிழக்கே பார்த்தது.

பெங் ஹுவாட் அப்படியே மண்டியிட்டார். பிறகு எழுந்து, எட்டிச் சிலையை எடுத்து முதுகைத் தடவினார். ஒவ்வொரு சிலையின் முதுகிலும் ஒரு சின்னக் குழி இருக்கும். அதில் தாய்க்கோயில் சாம்பலும் தங்கத்துண்டும் வைத்து மரமூடியால் அடைத்திருப்பார்கள். விற்க நினைக்கிறவன் முதலில் நோண்டுவது அதைத்தான். மூடியும் அதன் மேலிருந்த அரக்கும் அப்படியே இருந்தன.

“தொடவே இல்ல” என்றார். “தொடவே இல்ல.”

லோகேஸ்வரி அதைக் கேட்கவில்லை. அவள் திட்டுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, சுவரில் சாய்ந்த வாக்கில், எலும்புகள் கிடந்தன. வலது கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்திருந்தது. சிலையை மேலே வைத்துவிட்டு இறங்கும்போது விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் வெள்ளி அரைஞாண். அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த அரைஞாணைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடை பழகினாள்.

அப்பா தாய்லாந்தில் இல்லை. இத்தனை வருடமும் இங்கேதான் இருந்திருக்கிறார். அவள் ஓவென்று வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது, பெங் ஹுவாட் சுவரில் எதையோ விரலால் தடவிக்கொண்டிருந்தார். கல்லால் கீறிய கோடுகள். ஒன்றன்பின் ஒன்றாக, நாள் எண்ணுகிற கோடுகள். மொத்தம் பதினொன்று.

“பதினோரு நா” என்றார். மூன்றாவது கோட்டில் விரலை வைத்தார். “மூணாவது நா நாங்க வந்தோம். மூணு, நாலு, அஞ்சு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். தாய அழைக்க அந்தப் பக்கம் சேகண்டி அடிச்சோம். மூணு நாளும் அடிச்சோம்.” அவர் பிளவைப் பார்த்தார், மலையின் மறுபக்கத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிச் சுவரைப் பார்த்தார். “அவனுக்குக் கேட்டிருக்கும். கத்தியிருப்பான். சேகண்டிச் சத்தத்துல எங்களுக்குக் கேக்கல.”

அவரை அந்த இடத்திலேயே அறைய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கையைக்கூட ஓங்கினாள். அதற்குள் பிளவுக்கு வெளியே, தூரத்தில் அலை ஏறுகிற சத்தம் கேட்டது.

“தண்ணி ஏறுது. எந்திரிங்க.”

எலும்புகளைத் தன் துப்பட்டாவில் பொதிந்து பையில் வைத்து, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சிலையைச் சட்டைத்துணியோடு தன் முதுகில் கட்டினாள். காட்டைத் தாண்டிச் சேற்றுக்கு வந்தபோது மணி இரண்டே கால். தண்ணீர் ஏற்கெனவே சேற்றின்மேல் நாக்கு நாக்காக ஓடி வந்துகொண்டிருந்தது. பெங் ஹுவாட் தலைகுனிந்து ஏதோ நினைவில் வந்தார். நினைவில் வந்தவர் நின்றார். நின்றவர் இறங்கினார்!

முதலில் முழங்கால். பிறகு இடுப்பு. உதற உதற இன்னும் ஆழமாகப் போனார். அலை வந்து மார்பில் அறைந்தது.

“நீ போ” என்று கத்தினார். “அவள எடுத்துட்டுப் போ. நான் இங்க கெடக்கிறேன். எனக்கு இதுதான் சரி.”

“வாய மூடிட்டு மல்லாக்கச் சாயுங்க.”

“தியான் ஹோ” என்று அவர் வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். “தியான் ஹோ…”

ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன மனுஷர்! “பட்டத்தச் சொல்லிக் கூப்புடாதீங்க தவுக்கே” என்று லோகேஸ்வரி அதட்டினாள். “பட்டுக் கட்டிட்டு வர்றதுக்குள்ள ரெண்டரை ஆயிரும். வீட்டுப் பேரச் சொல்லுங்க.”

“மா சோ” என்றார் அவர், குழந்தை மாதிரி.

அவள் பலகையை அவர் முதுகுக்கடியில் செருகினாள். பலகையை அவருக்குக் கொடுத்தால் அவளுக்குப் பிடிமானம் இல்லை. தன் எடையைப் பரப்பிக் குப்புறப் படுத்தாள். முதுகில் சிலை, கழுத்தில் அப்பா, கையில் கயிறு. அலை வரும்போது சேறு கொஞ்சம் இளகும். அதைச் சிப்பி அள்ளுகிறவர்கள் அறிவார்கள். அலைக்குக் காத்திருந்து இழுத்தாள். அடுத்த அலைக்கு இழுத்தாள். உள்ளங்கைக் காயத்தில் கயிறு அறுத்தது. ஐந்தாவது அலையில் அவருடைய இடுப்பு வெளியே வந்தது. எட்டாவதில் கால்கள் வந்தன. செருப்புகள் இரண்டையும் சேறு வைத்துக்கொண்டது.

மணி இரண்டே முக்கால். காசிம் போகவில்லை. ஏறுகிற தண்ணீரோடு படகைக் கிட்டத்தில் கொண்டுவந்து, இருவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். “என் கடிகாரம் மெதுவா ஓடுது” என்று முறைப்பாகச் சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

திரும்பும் வழியில் யாரும் சண்டை போடவில்லை. தீவு சிறுத்துக்கொண்டே போனது. பெங் ஹுவாட் கரையையும் தீவையும் மாறி மாறிப் பார்த்தார். “கெழக்க வச்சானே” என்றார் கடைசியில். “அங்கேர்ந்து நேர் கெழக்க எங்க ஊரு. இத்தன வருஷமும் அவ எங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா.”  லோகேஸ்வரி மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், இல்லை. பதினோரு கோடுகளை அவ்வளவு சீக்கிரம் யாரால் மன்னிக்க முடியும்? ஆனால் அவர் நடுங்குவதைப் பார்த்து, தன் தண்ணீர்ப் புட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

ஊர்த்துறையில் கூட்டம் நின்றது. வெறுங்கையோடு வருகிறவளைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டம். படகின் முனையில் பெங் ஹுவாட் சிலையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்ததும், பேச்சு அடங்கியது. யாரோ ஓடிச் சேகண்டியை எடுத்துவந்தார்கள். சாமி கடல்வழியாக வந்தால் துறையில் நிற்கிற மூத்தவர் கேட்பதும், கொண்டுவந்தவர் தன் பெயரைச் சொல்வதும் அவர்கள் வழக்கம். அந்தப் பெயர்தான் கோயில் ஏட்டில் ஏறும்.

“தாயைக் கொண்டுவந்தது யார்?” என்று துறையிலிருந்த மூத்தவர் சீனத்தில் கேட்டார். எல்லாரும் லிம் பெங் ஹுவாட் என்ற பெயருக்குக் காத்திருந்தார்கள்.

பெங் ஹுவாட், சேறு வழிகிற முகத்தோடு, வெறுங்காலோடு நிமிர்ந்து நின்றார்.

“மருதப்பன்” என்றார்.

 அவர் மறுபடி சீனத்தில் சொன்னார். பிறகு கடைசி வரிசைக்கும் விளங்கட்டும் என்று, தமிழிலும் சொன்னார். “படகோட்டி மருதப்பன் கொண்டாந்தாரு. வழியில கொஞ்சம் நேரமாயிருச்சு. தப்பு எங்களோடது.”

தாயின் பிறந்தநாளன்று கல் வாசலில் நின்றது. கடைசி வரி மாறியிருந்தது. அதன் கீழே, யாரும் கேட்காமலேயே, பெங் ஹுவாட் இன்னொரு வரியையும் வெட்ட வைத்தார். ஓர் ஆளைப் பற்றி முடிவு கட்டுவதற்குமுன் தீவை முழுக்க ஒருமுறை சுற்றிவர வேண்டும் என்று. கோயில் கல்லில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள்.

ஆனால் அது பிற்பாடு. அன்று துறையில், அப்பாவின் பெயரை ஊரே கேட்க உரக்கச் சொன்ன அந்த நொடியில், லோகேஸ்வரி கழுத்திலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “கேட்டுச்சாப்பா?” என்றாள்.